சுந்தர்லால் கேட்காமல் விட்ட கதை

எங்கள் வாசகர் கூட்டத்தில் போன மாதம் உருது எழுத்தாளர் ராஜிந்தர் சிங் பேடியின் ‘லாஜ்வந்தி’ என்ற சிறுகதையைப் பேச எடுத்திருந்தோம். பிரிவினைக் கதைகள் என்றாலே நம் ஊரில் இன்னொரு உருது எழுத்தாளரான சாதத் ஹசன் மண்ட்டோதான். பேடியின் பெயரைச் சொன்னால் “இந்தி சினிமாவுக்கு வசனம் எழுதியவரா?” என்று கேட்பவர்கள்தான் அதிகம். அதனால் கூட்டத்துக்கு வந்த பாதிப் பேர் அவரை முதல்முறையாக வாசித்திருந்தார்கள். கதை எல்லோருக்கும் பிடித்திருந்தது. பேச்சும் நன்றாகப் போனது. கடைசியில் மூத்தவர் ஒருவர், எங்கள் எல்லோருக்கும் மரியாதைக்குரியவர், “அந்தக் காலத்திலேயே இப்படி ஒரு புருஷன்! தூக்கிட்டுப் போன பொண்டாட்டியைத் திரும்பச் சேர்த்துக்கிட்டானே, எவ்வளவு பெரிய மனசு” என்றார். பலரும் தலையாட்டினார்கள். கூட்டம் அந்த வார்த்தையோடு முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. அந்தக் கதை பெரிய மனசைப் பற்றியதுதானா? பெரிய மனசு படைத்த ஒருவன் கண்ணெதிரில் ஒரு பெண் எப்படி ஆளே இல்லாமல் போகிறாள் என்பதைப் பற்றியது அல்லவா அது? அப்புறம் பேடியை மறுபடி எடுத்து உட்கார்ந்தேன். கதைகளை மட்டுமல்ல, அவர் வாழ்க்கையையும், அவர் எழுதிய நாடகங்களையும் சேர்த்து. அப்படி வாசித்ததில் எனக்குத் தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பிரிவினை முடிந்துவிட்டது. கடத்தப்பட்ட பெண்களை மறுபடி வீட்டில் ஏற்றுக்கொள்ளுங்கள், மனதில் குடியமர்த்துங்கள் என்று பிரசாரம் செய்ய ஒரு பேட்டையில் கமிட்டி அமைக்கிறார்கள். பதினோரு வாக்கு வித்தியாசத்தில் சுந்தர்லால் அதன் செயலாளராகிறான். அவன் மனைவி லாஜ்வந்தியும், அவனுக்கு லாஜோ, கடத்தப்பட்டவள்தான். விடியற்காலையில் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போவார்கள். தொட்டால் வாடிவிடும் லாஜ்வந்திச் செடியைப் பற்றிய பஞ்சாபி நாட்டுப்பாடல் அது. பாட்டின் நடுவில் சுந்தர்லாலுக்கு அவள் நினைவு வரும், தொண்டை அடைத்துக்கொள்ளும். முன்பெல்லாம் அவளை அடித்திருக்கிறான். நின்றதற்கு, உட்கார்ந்ததற்கு, சாப்பாட்டில் ஏதோ குறை என்பதற்கு. இப்போது அதையெல்லாம் நினைத்து மருகுகிறான். கோயிலில் ராமாயணம் சொல்லும் நாராயண் பாவா, வண்ணான் பேச்சைக் கேட்டு ராமர் சீதையை அனுப்பியதைப் பெருமையாகச் சொல்லும்போது எழுந்து நின்று எதிர்த்துப் பேசுகிறான். நல்லவன்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிறகு ஒருநாள் லாஜோவே வந்துவிடுகிறாள். வாகா எல்லையில் நடந்த பரிமாற்றத்தில் அவளை இந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறார்கள்.

நான் மீண்டும் மீண்டும் திரும்பிப் போவது இதற்குப் பிறகு வரும் அரைப் பக்கத்துக்கு. ஆரம்பத்தில் ஒரே ஒருமுறை சுந்தர்லால் கேட்கிறான்: யார் அவன்? லாஜோ தலையைக் குனிந்துகொண்டு ஒரு பெயரைச் சொல்கிறாள், ஜும்மா. நன்றாக வைத்திருந்தானா? ஆமாம். அடிக்கவில்லையே? இல்லை. இவ்வளவோடு அவள் நிறுத்தவில்லை, மேலும் சொல்கிறாள். அவன் அடிக்கவில்லை, ஆனாலும் அவனைக் கண்டால் எனக்குப் பயமாக இருந்தது. நீங்கள் அடித்தீர்கள், உங்களிடம் எனக்குப் பயமில்லை. இனிமேல் அடிக்க மாட்டீர்களே? சுந்தர்லாலுக்குக் கண் கலங்கிவிடுகிறது. இல்லை தேவி, இனி அடிக்க மாட்டேன் என்கிறான். அவள் எல்லாவற்றையும் சொல்லத் தயாராக இருக்கிறாள். சொல்லி, அழுது தீர்த்துவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைக்கிறாள். அவன் அதற்கு இடம் கொடுக்கவே இல்லை. போனது போகட்டும், உன் மேல் என்ன தப்பு, சமூகத்தின் தப்பு என்கிறான். அன்றிலிருந்து அவள் தேவி. அவனிடம் அவள் எதிர்பார்த்தது ஒரு கேரட்டுக்காகச் சண்டை போட்டு ஒரு முள்ளங்கியில் சமாதானமாகும் பழைய வாழ்க்கையை. கிடைத்தது பூஜை. அவள் கண்ணீரைப் பார்க்க சுந்தர்லாலுக்குக் கண்ணும் இல்லை, பெருமூச்சைக் கேட்கக் காதும் இல்லை என்று பேடி வெளிப்படையாகவே எழுதிவிடுகிறார். விடியற்காலை ஊர்வலம் மட்டும் நிற்கவில்லை, அதே பாட்டைப் பாடிக்கொண்டு தொடர்ந்து போகிறது.

காது இல்லை. இந்தச் சொல்தான் என்னைப் பேடியின் வாழ்க்கைக்குள் இழுத்துக்கொண்டு போனது.

தபால் ஆபீசிலிருந்து வானொலிக்கு

பேடி பிறந்தது 1915 செப்டம்பர் 1 அன்று. அப்பா சீக்கியர், தபால் துறைக்காரர். அம்மா பிராமணக் குடும்பத்திலிருந்து வந்தவர். வீட்டில் குரு கிரந்தமும் ஒலித்தது, கீதையும் ஒலித்தது. அம்மா நெடுநாள் நோயாளி. அவர் படுக்கையருகே உட்கார்ந்து அப்பா கதைப் புத்தகங்களை வாசித்துக் காட்டுவார், பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கதை என்பது கண்ணால் படிப்பதற்கு முன்பே காதால் கேட்பதாக அவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அம்மா இறந்ததும் கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றது. 1933-இல் லாகூர் தபால் நிலையத்தில் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார், 1943 வரை அங்கேதான். முத்திரை குத்திய கையோடு கதை எழுதினார். உருது இலக்கியத்தில் அவர் இடத்தை உறுதிசெய்த முதல் இரண்டு தொகுப்புகளும் இந்தக் காலத்தைச் சேர்ந்தவை.

அந்த ஆரம்பகாலக் கதைகளில் ஒன்று ‘போலா’. பகலில் கதை சொன்னால் வழிப்போக்கர்கள் வழி தவறிவிடுவார்கள் என்று தாத்தா சொல்லுவார். பேரன் விட மாட்டான், நச்சரித்துப் பகலிலேயே ஒரு கதை கேட்டு வாங்கிவிடுவான். அன்று ராக்கி கட்டிக்கொள்ள வரவேண்டிய மாமா இருட்டியும் வரவில்லை. கதை கேட்டதால்தான் மாமா வழி தவறிவிட்டார் என்று அந்தச் சின்னப் பையன் நம்பி, ராத்திரியில் விளக்கை எடுத்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் கிளம்பிவிடுகிறான். ஒரு கதையைக் கேட்டவனுக்கும் அதில் பொறுப்பு உண்டு என்பதை இருபது வயதுச் சொச்சத்தில் இருந்த ஒரு தபால் குமாஸ்தா இவ்வளவு எளிமையாக எழுதியிருக்கிறார். லாஜ்வந்தியை வாசித்துவிட்டு இதை வாசித்தால் எனக்கு அந்தப் பையன் சுந்தர்லாலைவிட வளர்ந்தவனாகத் தெரிகிறான்.

‘கரம் கோட்’ பலருக்குச் சினிமாவாகத் தெரிந்திருக்கும். 1955-இல் பல்ராஜ் சாஹ்னி நடித்து வந்தது. கதையில் ஒரு குமாஸ்தா, ஒரு கிழிந்த கம்பளிக் கோட்டு, ஒரு பத்து ரூபாய் நோட்டு. வீட்டில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறான். பாக்கெட்டில் கைவிட்டால் நோட்டைக் காணோம். செத்துவிடலாமா என்றுகூட நினைக்கிறான். பார்த்தால் அந்த நோட்டு பாக்கெட்டு ஓட்டை வழியாக நழுவி உள்துணிக்குள் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பணம் கிடைத்த பிறகு மனைவி கடைக்குப் போகிறாள். பட்டியலில் இருந்த எதையும் வாங்காமல் அவனுக்குக் கோட்டுத் துணி வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். புருஷன் வாய்விட்டுச் சொல்லாத ஆசை அவளுக்கு மட்டும் கேட்டிருக்கிறது. பேடியின் உலகில் கேட்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

தபால் வேலையை விட்டதும் பேடி வானொலிக்குப் போனார். அந்த நாட்களில் அகில இந்திய வானொலி உருது எழுத்தாளர்களுக்குப் பெரிய புகலிடம். பத்ரஸ் புகாரி அதன் தலைவராக இருந்தார். டெல்லியில் மண்ட்டோ, கிருஷன் சந்தர், உபேந்திரநாத் அஷ்க் எல்லாரும் வாரத்துக்கு வாரம் நாடகம் எழுதிக்கொண்டிருந்தார்கள். பேடி லாகூர் நிலையத்தில் எழுதினார். அந்த நாடகங்களில் ஏழு ‘சாத் கேல்’ என்ற பெயரில் 1946-இல் புத்தகமாயின. சாணக்கியரைப் பற்றிய நாடகம் ஒன்று அதில் உண்டு. என்னைப் பிடித்துக்கொண்டது ‘நக்ல்-எ-மகானி’. வாடகை வீடு மாறுகிற நாடகம், 1944-இல் லாகூரிலிருந்து ஒலிபரப்பானது.

புதிதாகக் கல்யாணமான தம்பதி வேறு வீடு கிடைக்காமல் ஒரு வீட்டுக்குக் குடிவருகிறார்கள். அந்த வீட்டில் முன்பு இருந்தவள் பாட்டும் ஆட்டமுமாகத் தொழில் செய்தவள். அவள் காலிசெய்துவிட்டுப் போனது அவளிடம் வந்துபோனவர்களுக்குத் தெரியாது. ராத்திரியானால் கதவு தட்டுகிறார்கள். கதை அவ்வளவுதான். இருபத்தாறு வருஷம் கழித்து, 1970-இல், பேடி தானே இயக்கி இதை ‘தஸ்தக்’ என்று படமாக்கினார். ஹமீதாக சஞ்சீவ் குமார், சல்மாவாக ரெஹானா சுல்தான். இருவருக்கும் தேசிய விருது, இசையமைத்த மதன் மோகனுக்கும் தேசிய விருது. கறுப்பு வெள்ளைப் படம். நல்ல பிரதி கிடைத்தால் விடாதீர்கள்.

அந்தப் படத்தைப் பார்க்கும்போது இது மேடைக்கு எழுதியதல்ல, வானொலிக்கு எழுதியது என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரியும். மேடையில் கதவைத் தட்டினால் நாம் கதவைப் பார்ப்போம், யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்ப்போம். வானொலியில் பார்க்க எதுவும் இல்லை. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பெட்டியைக் கேட்டுக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அந்தத் தட்டல் தங்கள் வீட்டுக் கதவிலேயே விழுந்த மாதிரி இருந்திருக்கும். யார், எவன், எத்தனை பேர் என்று தெரியாது. உள்ளே இருக்கும் இருவரும் திடீரென்று பேச்சை நிறுத்துவது மட்டும் கேட்கும். படத்தில் சல்மா நன்றாகப் பாடுவாள். அந்தத் தெருவில் பெண் பாடினால் அதற்கு வேறு அர்த்தம். அதனால் பாடவும் பயம், பாடாமல் இருக்கவும் முடியவில்லை. வெளியே இருப்பவர்கள் அவள் குரலைக் கேட்கிறார்கள், அவளைக் கேட்பதில்லை. ஹமீது யோக்கியன், மாநகராட்சியில் குமாஸ்தா. அவனும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுகிறவர்களின் காதோடு அவளைக் கேட்கத் தொடங்குகிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

லாஜ்வந்தி எந்த வருஷம், இந்த நாடகம் எந்த வருஷம் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. இரண்டையும் எழுதியது ஒரே காது. பேடி நாவலாசிரியர், சிறுகதையாளர், வயிற்றுப்பாட்டுக்கு வசனம் எழுதியவர், போகிற போக்கில் சில வானொலி நாடகங்களும் எழுதியவர் என்று வரிசைப்படுத்துவது வழக்கம். எனக்கு அந்த வரிசையில் உடன்பாடில்லை. அவருடைய மிகச் சிறந்த கதைகள் பேச்சு எங்கே அறுபடுகிறது என்பதில் நிற்கின்றன. இந்தக் கலையை அவர் வானொலி நிலையத்தில்தான் தீட்டிக்கொண்டார் என்பது என் எண்ணம். ஜும்மா என்ற பதில், அதற்குப் பின் ஒரு சின்ன இடைவெளி, அப்புறம் அடுத்த கேள்வி. நாடகக்காரன் எழுதிய அரைப் பக்கம் அது.

அதிகமாக யோசிக்கிற ஆள்

மண்ட்டோ ஒருமுறை பேடிக்கு எழுதினார்: உன்னிடம் இருக்கும் தொல்லை என்னவென்றால் நீ ரொம்ப யோசிக்கிறாய். எழுதுவதற்கு முன்னால் யோசிக்கிறாய், எழுதும்போது யோசிக்கிறாய், எழுதி முடித்த பிறகும் யோசிக்கிறாய். பேடி சும்மா இருக்கவில்லை. சீக்கியர்கள் வேறு எப்படி இருந்தாலும் நல்ல கைவேலைக்காரர்கள் என்றும், நீ முன்னாலும் யோசிப்பதில்லை, நடுவிலும் யோசிப்பதில்லை, எழுதின பிறகும் யோசிப்பதில்லை, அதுதான் உன் குறை என்றும் பதில் கொடுத்தார். இருவரும் நண்பர்கள், அந்த உரிமையில் பேசிக்கொண்டது. நம் ஊரில் மண்ட்டோவுக்குக் கிடைத்த வாசகர்கள் பேடிக்குக் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மண்ட்டோ கதையின் கடைசி வரி நம்மை அடித்துப் போட்டுவிடும். பேடி அடிப்பதில்லை. பெரிய மனசு என்று பாராட்டிவிட்டு எழுந்து போகவும் வழி விட்டுவைக்கிறார். எங்கள் கூட்டத்தில் நடந்தது அதுதான். பெரியவர் கதையைச் சரியாகவே வாசித்தார், சுந்தர்லால் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தானோ அதை அப்படியே திருப்பிச் சொன்னார். கதை அவனைத் தாண்டி இன்னும் ஓரடி வைக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லாஜோவைக் கேட்காதது சுந்தர்லால் மட்டுமல்ல. அரசின் மதிப்பீட்டின்படி இந்தியப் பகுதியில் கடத்தப்பட்ட முஸ்லிம் பெண்கள் 50,000 பேர், பாகிஸ்தான் பகுதியில் கடத்தப்பட்ட இந்து, சீக்கியப் பெண்கள் 33,000 பேர். 1947 டிசம்பரில் இரு நாடுகளும் அவர்களை மீட்டுப் பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் செய்தன. 1949-இல் இந்தியா அதற்கென்று சட்டமே கொண்டுவந்தது. 1947 மார்ச் 1-க்குப் பிறகு குடும்பத்தைப் பிரிந்து வேறு குடும்பத்தோடு வாழும் முஸ்லிம் பெண், எந்த வயதுக்காரியாக இருந்தாலும், அந்தச் சட்டப்படி கடத்தப்பட்டவள். வர விருப்பமில்லை, இங்கேயே இருக்கிறேன் என்று அவள் சொன்னாலும் சட்டத்தின் முன் அது செல்லாது. முடிவெடுக்கத் தீர்ப்பாயம் இருந்தது. மீட்புப் பணியை முன்னின்று நடத்திய மிருதுளா சாராபாய் போன்றவர்கள் ராப்பகலாக உழைத்தார்கள், எத்தனையோ பெண்களை நரகத்திலிருந்து கொண்டுவந்தார்கள். அதே வேகத்தில், குழந்தை பெற்று ஒரு வாழ்க்கைக்குப் பழகிவிட்ட பெண்களையும் மறுபடி பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். கமிட்டி, சட்டம், லாரி, எல்லைக்கோடு எல்லாம் இருந்தன. பேடி கதையில் எல்லையில் நின்று இரு தரப்பும் யார் கொடுத்த பெண்கள் மட்டம் என்று சண்டை போடுவதைச் சந்தைப் பேரம்போலவே எழுதியிருக்கிறார். அந்த லாரிகளில் இருந்தவர்களுக்கு என்ன சொல்ல இருந்தது என்று கேட்கும் வேலை யாருக்கும் ஒதுக்கப்படவில்லை.

பேடியே பிரிவினையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். லாகூரில் அவர் 1946-இல்தான் ஒரு பதிப்பகம் தொடங்கியிருந்தார், அது போனது. டெல்லி, பிறகு 1948-இல் ஜம்மு வானொலி நிலையத்தின் இயக்குநர், மறு வருஷமே பம்பாய். பிமல் ராயின் ‘தேவதாஸ்’, ‘மதுமதி’, ரிஷிகேஷ் முகர்ஜியின் ‘அனுராதா’, ‘சத்யகாம்’, ‘அபிமான்’ என்று நீளும் பட்டியலில் வசனம் அவருடையது. தேவதாஸில் பொறுத்துக்கொள்வதற்காக யார் குடிக்கிறார்கள் என்று திலீப் குமார் கேட்கும் அந்த வரியை மொழி தெரியாதவர்களும் சொல்லிக்காட்டுவார்கள்.

நடுவில் 1962-இல் ‘ஏக் சாதர் மைலி சி’ வந்தது. அவர் எழுதிய ஒரே நாவல், 1965-இல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. குதிரைவண்டிக்காரன் திலோகா கொலையாகிறான். அவன் மனைவி ரானோவுக்கும், அவள் பிள்ளைபோல் தூக்கி வளர்த்த கொழுந்தன் மங்கலுக்கும், இருவர் மேலும் ஒரு போர்வையைப் போட்டுப் பஞ்சாயத்து கல்யாணம் முடித்துவிடுகிறது. அவனை அடித்து இழுத்து வருகிறார்கள். அவளை யாரும் கேட்பதே இல்லை. எல்லோரும் அவள் நன்மைக்காகத்தான் செய்கிறார்கள் என்பதுதான் கொடுமை, சுந்தர்லாலின் நன்மையைப் போல. கீதா பாலி இதைப் படமாக எடுக்க ஆரம்பித்து ரானோவாக நடித்துக்கொண்டிருந்தார். 1965 ஜனவரியில் பெரியம்மையில் அவர் இறந்துபோக, பேடி படத்தைக் கைவிட்டார். கடைசியில் ஹேமமாலினி நடித்து அது திரைக்கு வந்தது 1986-இல். 1984-இலேயே பேடி போய்விட்டார். அதற்கு முன் மனைவியையும், பிறகு இயக்குநராகப் பெயர் வாங்கிய மகன் நரேந்தர் பேடியையும் பறிகொடுத்திருந்தார்.

புதிதாகப் பேடியைத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ‘கரம் கோட்’டையும் ‘போலா’வையும் முதலில் வாசியுங்கள், தனியாக, மௌனமாக. லாஜ்வந்தியை அப்படி வாசிக்காதீர்கள். வீட்டில் ஒருவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, அந்த அரைப் பக்கத்தையாவது இருவருமாக வாய்விட்டு வாசியுங்கள். ஆண் லாஜோவின் பேச்சை எடுத்துக்கொள்ளட்டும், பெண் சுந்தர்லாலின் பேச்சை. ‘ஜும்மா’ என்று பதில் வந்த பிறகு அடுத்த கேள்விக்கு எவ்வளவு நேரம் விடுவது, இனி அடிக்க மாட்டீர்களே என்ற கேள்விக்கு எந்தக் குரலில் பதில் சொல்வது என்று அந்த இருவருமே பேசி முடிவு செய்துகொள்ளட்டும். அதற்குப் பிறகு அவன் பெரிய மனசுக்காரனா என்று பேசுவோம்.